மலைப் பாதையில் 22 விளக்கு, ஒரு பெட்டி

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து மேலே ஏறும் கிளைப் பாதைகளில் ஒன்று. ஒரு சின்ன பஸாரில் தொடங்கி, தேயிலை மலையைச் சுற்றிக்கொண்டு போய், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பக்கத்தில் முடிகிறது. அந்த வீதியில் 22 எல்.ஈ.டி. விளக்குகள் இருக்கின்றன. அவற்றை நேரத்துக்கு ஏற்றி, நேரத்துக்கு அணைத்து, எரியாததைக் கணக்குச் சொல்லும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்து மாட்டியிருக்கிறேன். தென்மேற்கு மழை, அதற்குப் பின் வந்த இடி மின்னல் காலம் இரண்டையும் பெட்டி தாண்டிவிட்டதால் இப்போது தைரியமாக எழுதலாம். இதே வேலையை வேறு உள்ளூராட்சி சபைகளுக்குச் செய்யும் எலக்ட்ரீஷியன்மாருக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில், இருந்த நிலை. நாட்டின் பல இடங்களில் உள்ளதுபோல இங்கேயும் வீதி விளக்குக்கென்று ஒரு தனிக் கம்பி, வீடுகளுக்குப் போகும் கம்பிகளோடு சேர்த்துப் பின்னிய கட்டில் கம்பம் கம்பமாகப் போகிறது. அதற்கான சுவிட்ச் பஸாரில் உள்ள கம்பத்தில். பலசரக்குக் கடை முதலாளி அந்தியில் போட்டுவிட்டு, காலையில் கடை திறக்கும்போது அணைப்பார். அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. கலியாணம், கருமாதி என்று அவர் வெளியூர் போனால் ஒன்றில் விளக்கு பகல் முழுக்க எரியும், இல்லையென்றால் இரவு முழுக்க இருட்டு.

இதைத் தீர்க்க சபை ஏற்கெனவே ஒரு 'ஸ்மார்ட்' பெட்டி வாங்கிப் போட்டிருந்தது. யார் விற்றது என்பது இங்கே தேவையில்லை. உள்ளே ஒரு சிம், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ஒரு ரிலே. கைபேசியில் தட்டினால் எரியும், தட்டினால் அணையும். எப்போது இரவு என்று தெரிந்து வைத்திருந்தது பெட்டி அல்ல, எங்கோ இருந்த ஒரு சர்வர். அந்த சர்வர் பேசாமல் போனதும், கடைசியாக வந்த உத்தரவையே பெட்டி பிடித்துக்கொண்டு நின்றது. கடைசி உத்தரவு 'எரி'. கழற்றிப் பார்த்தால் ரிலேயின் தொடுமுனைகள் வேறு ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. சர்வர் திரும்பி வந்திருந்தாலும் அணைந்திருக்காது.

பகலில் எரிவது எவ்வளவு நட்டம் என்பதற்கு ஒரு கணக்கு. 22 விளக்கு, ஒன்று 40 வாட், மொத்தம் 880 வாட். ஓர் இரவுக்குச் சுமார் பதினொன்றரை மணி நேரம், அதாவது 10 யூனிட். பகலும் சேர்ந்து எரிந்தால் இன்னொரு 11 யூனிட். ஸ்மார்ட் விளக்கு விற்கிறவர்கள் எல்லோரும் பேசுவது டிம்மிங் பற்றி: நள்ளிரவில் வெளிச்சத்தைப் பாதியாக்கினால் இவ்வளவு மிச்சம் என்று. 22 விளக்கையும் ஆறு மணி நேரம் பாதியாக்கினால் மிச்சமாவது 2.6 யூனிட்தான். ஒரே ஒரு பகல் மறந்து எரிந்தால் நான்கு இரவின் சேமிப்பு போய்விடுகிறது. ஆகவே முதலில் பகல் எரிப்பை ஒழிப்பது, டிம்மிங் அப்புறம் என்று சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் சொன்னேன். "சேர், டிம்மிங் இல்லாமலேயே பில் குறையும்" என்றதும் அவருக்குப் பிடித்துவிட்டது. 2022 மார்ச் கடைசியில், கரண்ட் வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனபோது, நாடு முழுக்க வீதி விளக்குகளை அணைக்கச் சொன்னதை இங்கே யாரும் மறக்கவில்லை. பக்கத்து மலையில் 1950இலிருந்து லக்சபான நீர்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது, தலவாக்கலையில் 'மேல் கொத்மலை' என்ற 150 மெகாவாட் நிலையம் இருக்கிறது, ஆனாலும் லயத்துப் பாதையில் இருட்டு என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். நியாயமான பேச்சுத்தான்.

ஒவ்வொரு விளக்குக்குமா, ஒரு வரிசைக்கா?

பெரிய நகரங்களில் விளக்குக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வைக்கிறார்கள். விளக்கின் தலையில் ஏழு முனைச் சாக்கெட் இருக்கும், அதில் கருவியைத் திருகினால் ஏற்றலாம், மங்கலாக்கலாம், ஒவ்வொன்றின் மின்னோட்டத்தையும் அளக்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் 22 கம்பத்தில் 22 ரேடியோ என்றால் பழுதாகக்கூடிய இடமும் 22. கம்பத்தில் ஏற ஒவ்வொரு தடவையும் மின்சார சபையின் லைன்மேன்மார் வரவேண்டும், ஏனென்றால் விளக்குக் கம்பியை அணைத்தாலும் அதே கட்டில் உள்ள மற்றக் கம்பிகளில் உயிர் இருக்கும். தரையில் நின்று திறக்கக்கூடிய பெட்டி ஒன்று என்றால் என் வேலையை நானே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் 2015 ஜனவரியில் தொடங்கிய தேசிய வீதி விளக்குத் திட்டத்தில் ஒரு கோடிக்கு மேல் எல்.ஈ.டி. விளக்கு மாட்டினார்கள். அதிலும் கட்டுப்பாடு பெரும்பாலும் வரிசைக்கு ஒரு பெட்டி என்ற முறையில்தான் இருக்கிறது. அந்த வழியையே எடுத்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் இருப்பவை: சி வகை எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) ஒன்று, மின்னல் காப்பு, 25 ஆம்பியர் கன்டாக்டர் (கனத்த ரிலே), மின்னளவி, கட்டுப்பாட்டு போர்டு, நேரக்கடிகாரச் சில்லு, சின்னச் சேதிகளைத் தூரம் அனுப்பும் லோரா ரேடியோ, அப்புறம் கதவில் ஒரு திருப்பி: கை, நிறுத்தம், தானியங்கி என்று மூன்று நிலை.

ஓடும் மின்னோட்டம் 4 ஆம்பியர்தான், அதற்கு ஏன் 25 ஆம்பியர் கன்டாக்டர் என்று எல்லோரும் கேட்பார்கள். எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் ஒவ்வொன்றிலும் முன்பக்கம் ஒரு கண்டென்சர் இருக்கிறது. சுவிட்ச் போட்ட நொடியில் அது வெறுமையாக இருக்கும், நிரம்பும் வரை ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் பல பத்து ஆம்பியரை இழுக்கும். 22 டிரைவரும் ஒரே நொடியில் இழுத்தால் சின்ன ரிலேயின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொள்ளும். பழைய பெட்டியில் நடந்தது அதுதான். சோடியம் விளக்குக் காலத்துப் பழக்கத்தில் வாட்டை மட்டும் பார்த்து ரிலே வாங்கினால் எல்.ஈ.டி. வரிசையில் இது நடந்தே தீரும். டிரைவரின் தரவுத்தாளில் இந்தத் தொடக்க மின்னோட்டத்துக்கென்று ஒரு வரி இருக்கும். ஒரு எம்.சி.பி.யில் எத்தனை டிரைவர் போடலாம் என்றும் சிலர் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போகவேண்டும்.

நேரத்தை யார் வைத்திருப்பது

பழைய பெட்டியைக் கழற்றியபோதே ஒன்றை முடிவு செய்தேன். எப்போது இருட்டும் என்பது பெட்டிக்கே தெரிந்திருக்க வேண்டும். ரேடியோ, இன்டர்நெட் எல்லாம் சேதி சொல்வதற்கு மட்டும். அவை ஒரு மாதம் செத்துக் கிடந்தாலும் வீதியில் நடப்பவருக்குத் தெரியக்கூடாது.

இதற்கு வேண்டியது ஒரு நல்ல கடிகாரம். டி.எஸ். 3231 என்ற சில்லு வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவே பிழை வரும், நமக்கு அது தாராளம். கடையில் மலிவாகக் கிடைக்கும் போர்டுகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒரு டயோடும் ரெசிஸ்டரும் அதில் இருக்கும். சார்ஜ் ஏற்றமுடியாத சாதாரண சி.ஆர். 2032 பற்றரியைப் போட்டால் அது வீங்கிக் கசியும். பற்றரி போடுவதற்கு முன் அந்த ரெசிஸ்டரைச் சூட்டுக்கோலால் எடுத்துவிடுங்கள்.

கடிகாரம் தெரிந்தால் சூரியன் மறையும் நேரத்தைக் கணக்கிடலாம். அட்சரேகை 6.9, தீர்க்கரேகை 80.6 என்று கொடுத்துவிட்டால் போர்டு ஒவ்வொரு நாளும் தானே கணக்குப் போடும். நமது நாட்டில் அஸ்தமனம் நவம்பர் நடுவில் 5.50க்குச் சற்று முன்பும், ஜூலையில் 6.30ஐ ஒட்டியும் வருகிறது. வருடத்துக்குள் முக்கால் மணி நேர வித்தியாசம். சாதாரண டைமரில் '6.15' என்று ஒரு நேரத்தைப் போட்டால் ஒரு பருவத்தில் வீண் செலவு, மறு பருவத்தில் இருட்டு. அஸ்தமனத்துக்குப் பிறகு அந்தி வெளிச்சம் இங்கே இருபது நிமிடம் சொச்சம்தான் நிற்கும், ஆகவே பத்து நிமிடம் கழித்து ஏற்றுவது என்று வைத்தேன்.

இது சமவெளிக்குச் சரி. மலையில் வேறு கதை. மேற்கே மலை நிற்கும் மடிப்புகளில் சூரியன் கணக்குக்கு முந்தியே போய்விடும். ஜூனில் மழை இறுகினால் நாலரை மணிக்கே மூட்டம் இறங்கி, முன்னால் போகும் த்ரீவீலரின் பின்விளக்குத் தெரியாது. கடிகாரத்தை மட்டும் நம்பினால் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் இருட்டில் நடக்கவேண்டும்.

அதற்குத்தானே வெளிச்சத்தைப் பார்த்து ஏற்றி அணைக்கும் ஃபோட்டோசெல் இருக்கிறது என்பீர்கள். மலையில் ஃபோட்டோசெல்லின் சீரழிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வீதியில் சில விளக்குகளுக்குத் தலையிலேயே ஃபோட்டோசெல் இருந்தது. ஈரத்தில் கண்ணாடி மேல் பாசி படிந்து, அதற்கு எப்போதும் இரவுதான். இன்னும் இரண்டு, மூட்டம் அடர்ந்த நாளில் ஏறுவதும் அணைவதுமாகக் கண் சிமிட்டின. விளக்கின் வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பி அதே ஃபோட்டோசெல் மீது விழுந்தால், விடிந்துவிட்டது என்று அது அணைத்துவிடும், அணைந்ததும் இருட்டு, திரும்ப ஏற்றும். டிரைவருக்கு இதைவிடக் கெட்டது ஒன்றுமில்லை. லைன்மேன் அண்ணன்மார் வந்த அன்று அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு நேரடியாக இணைக்கச் செய்தோம்.

கடைசியில் வைத்த ஏற்பாடு இப்படி. கடிகாரம்தான் பெரியவர். ஒளி உணரிக்கு ஒரு சிறு சாளரத்துக்குள் மட்டும் பேச அனுமதி: அஸ்தமனத்துக்கு 75 நிமிடம் முன்பிருந்து, மூன்று நிமிடம் தொடர்ந்து இருட்டாக இருந்தால் முந்தியே ஏற்றலாம். காலையில் சூரியோதயத்துக்குப் பிறகு அரை மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். அந்த எல்லைக்கு வெளியே உணரியில் பாசி படிந்தாலும் குருவி எச்சமிட்டாலும் அதன் பேச்சு எடுபடாது.

போர்டே செத்துப்போனால்? இங்கே உத்தியோகத்தருக்கும் எனக்கும் கொஞ்சம் வாதம் நடந்தது. பழுதானால் விளக்கு அணைந்தே இருக்கட்டும், அப்போதுதான் ஆட்கள் முறைப்பாடு செய்வார்கள், பகலில் எரிந்தால் யார் சொல்லப் போகிறார்கள் என்பது அவர் கட்சி. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் ஊர் இது, முறைப்பாடு எழுதி வேலை நடக்கும் வரை ஒரு வாரம் இருட்டில் விடமுடியாது. இருவருக்கும் நடுவே ஒரு வழி கிடைத்தது. உள்ளே ஒரு மாற்று ரிலே வைத்தேன். போர்டு உயிரோடு இருக்கும் வரை அது இழுத்துப் பிடித்திருக்கும், கன்டாக்டர் போர்டின் சொல்லைக் கேட்கும். போர்டு செத்தால் ரிலே விட்டுவிடும், கன்டாக்டர் பெட்டியின் மேலுள்ள ஒரு சாதாரண ஃபோட்டோசெல்லின் கைக்குப் போய்விடும். அந்த ஃபோட்டோசெல் திறமைசாலி இல்லை, ஆனாலும் சில நாள் ஓட்டிவிடும்.

போர்டு சாகாமல் தொங்கிப்போனாலும் இதே வழி வேலை செய்யவேண்டும். ஆகவே ரிலேயை இயக்கும் போர்டின் முனையில் வெறுமனே மின்னழுத்தம் இருந்தால் போதாது. நிரல் அதை விநாடிக்குப் பலமுறை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்தத் துடிப்பு ஒரு கண்டென்சர் வழியாகப் போய்த்தான் ரிலேயைப் பிடித்திருக்கிறது. நிரல் எங்காவது மாட்டிக்கொண்டால், முனை 1இல் நின்றாலும் 0இல் நின்றாலும், துடிப்பு நின்று ரிலே விழுந்துவிடும்.

கரண்ட் போய் வரும்போது உடனே ஏற்றுவதில்லை. 20 முதல் 90 விநாடிக்குள் ஏதாவது ஒரு நேரம் காத்திருக்கும். கரண்ட் திரும்பும் அந்த முதல் நொடிகளில் ஊரிலுள்ள ஃபிரிட்ஜ் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வோல்ட் ஆடும். அது அடங்கட்டும்.

தண்ணீர், எறும்பு, இடி

மென்பொருளில் செலவழித்த நேரத்தைவிடப் பெட்டிக்குள் தண்ணீர் வராமல் தடுப்பதில் அதிகம் செலவாயிற்று. பெட்டி ஐ.பி. 65 தரம், மழை உள்ளே வராது. ஆனால் பகலில் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரியும், இரவில் குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது வயர் நுழையும் துளைகள் வழியே ஈரக்காற்றை உறிஞ்சும். அந்த ஈரம் உள்ளேயே நீராகி அடியில் தேங்கும். பலர் உடனே சிலிக்கன் குழாயை எடுத்து எல்லா ஓட்டையையும் அடைப்பார்கள். அப்போது உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் போகும். எல்லா வயரும் அடிப்பக்கமாக நுழையவேண்டும், நுழையும் முன் ஒரு தொங்கல் விடவேண்டும். அடியில் நீர் விடாத, காற்று விடும் சவ்வுள்ள ஒரு மூச்சுத் திருகாணி போடவேண்டும். போர்டுகளுக்கு ஈரக் காப்புப் பூச்சு அடித்தேன், கனெக்டர்களையும் ஒளி உணரியையும் மறைத்துவிட்டு.

எறும்புக்கு மூச்சுத் திருகாணி இடம் விடவில்லை. குளவி பெட்டிக்கும் கம்பத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் கூடு கட்டப் பார்த்தது. மலையில் குளவி விளையாட்டுக் காரியம் இல்லை, கொழுந்து எடுக்கும் பெண்கள் கொட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்தது. பின்பக்க இடுக்கை ஒரு தகட்டால் மூடினேன். பெட்டியைத் திறக்கும் முன் ஒரு குச்சியால் தட்டிவிட்டு விலகி நிற்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

இடி மின்னல் ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும், பகல் திரும்பியதும் வரும். மின்னல் காப்பில் இரண்டு விதம் உண்டு. ஒன்று பக்கவாட்டில் இணைப்பது: காப்புச் செத்தாலும் விளக்கு எரியும், ஆனால் அடுத்த மின்னலுக்குப் பாதுகாப்பு இருக்காது. மற்றது வரிசையில் இணைப்பது: காப்புச் செத்தால் விளக்கும் அணையும், டிரைவர் தப்பும். விளக்கின் தலைக்குள் இரண்டாவது வகை நல்லது, ஒரு விளக்குத்தானே போகிறது. பெட்டியில் அதைப் போட்டால் மொத்த வீதியும் இருண்டுவிடும், அங்கே முதல் வகை. ஆனால் அதன் சின்னச் சாளரம் பச்சையிலிருந்து சிவப்பாக மாறியதை யாராவது போய்ப் பார்க்கவேண்டும். நிலையைச் சொல்லும் ஒரு துணைத் தொடர்புள்ளதாக வாங்கி, அதை போர்டில் கொடுத்தால் சேதி தானாக வரும்.

எர்த் கம்பி நீளமாகச் சுற்றி வளைத்துப் போனால் எந்தக் காப்பும் பிரயோசனமில்லை. மலைச் சரிவில் பாறை ஒரு அடியிலேயே இடிக்கும், ஒரு எர்த் கோல் போதாது. சரிவுக்குக் குறுக்கே, ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு கோல் இறக்கி இணைத்தோம். பெட்டியிலிருந்து எர்த்துக்கு நேராக, குட்டையாக, தடித்த வயர்.

மலைக்குப் பின்னால் ரேடியோ

சேதி கொண்டுபோக லோராவை எடுத்தேன். மாதாமாதம் சிம்முக்குக் காசு கட்டவேண்டியதில்லை. இங்கே எந்த அலைவரிசையில் அனுமதி என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுவிட்டு மொட்யூல் வாங்குங்கள், இணையக் கடையில் வரும் எல்லாமே நம் நாட்டுக்கானவை அல்ல.

லோரா பத்து கிலோமீட்டர் போகும் என்று பெட்டியில் போட்டிருக்கும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குச் சுலபமாகப் போய்விட்டது. ஆனால் முன்னூறு மீட்டர் தள்ளி, மலை மூக்குக்குப் பின்னால் இருக்கும் என் கடைக்கு வரவில்லை. மலையில் தூரம் முக்கியமில்லை, மறைப்புத்தான் முக்கியம். லோராவில் வேகத்தைக் குறைத்து எட்டும் திறனைக் கூட்டும் பரவல் எண்ணை ஒரு படி ஏற்றினால் சுமார் இரண்டரை டெசிபல் கிடைக்கும், சேதி ஆகாயத்தில் இருக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எங்கள் சேதி 20 பைட். பத்தாம் எண்ணில் அது ஏறக்குறைய 0.37 விநாடி. கால் மணிக்கு ஒன்று அனுப்புவதால் பிரச்சினை இல்லை. ஆனால் பாறைக்கு முன்னால் டெசிபல் எல்லாம் செல்லாது. தோட்ட மேலாளரான பெரிய துரையிடம் அனுமதி கேட்டு, எதிர் மலையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி ஜன்னல் ஓரத்தில் ஒரு மறு ஒலிபரப்பி வைத்தோம். கொழுந்து வாட்டும் அந்த மாடி ஊரிலேயே உயரமான இடம், பெட்டியும் தெரியும், என் கடையும் தெரியும்.

மூட்டத்தால் ரேடியோ கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அலைவரிசையில் மூட்டம் ஒன்றும் செய்யாது. நனைந்த இலைதான் விழுங்கும். நிழல் மரங்களைக் கவாத்து வெட்டிய வாரம் சிக்னல் நன்றாக ஏறியது, தளிர்த்ததும் இறங்கியது.

வாட்டை வைத்து விளக்கை எண்ணுதல்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெட்டியில் பி.இசட்.இ.எம். 004 டி என்ற மலிவான மின்னளவி இருக்கிறது, வோல்ட், ஆம்பியர், வாட், யூனிட் எல்லாம் தரும். நல்ல எல்.ஈ.டி. டிரைவர் வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் ஏறக்குறைய ஒரே வாட்டைத்தான் எடுக்கும். இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் சமையல் நடக்கும்போது வரிசையின் கடைசியில் வோல்ட் விழும், பத்து மணிக்கு ஏறும், ஆனால் மொத்த வாட் அசையாது. ஆகவே மொத்தத்தில் 40 வாட் குறைந்தால் ஒரு விளக்குப் போய்விட்டது, 80 குறைந்தால் இரண்டு. பழைய சோடியம் விளக்கில் இது நடக்காது, சோக் போட்ட விளக்கின் வாட் வோல்ட்டோடு சேர்ந்து ஆடும்.

இன்னொன்று: 'அணை' என்று சொன்ன பிறகும் வாட் இருந்தால் கன்டாக்டர் ஒட்டிவிட்டது. 'எரி' என்ற பிறகு வாட் சுழி என்றால் எம்.சி.பி. விழுந்திருக்கிறது அல்லது வரிசையின் தொடக்கத்திலேயே கம்பி அறுந்திருக்கிறது. வாட் திடீரென்று பாதியானால் மரம் விழுந்து நடுவில் அறுந்திருக்கலாம், அந்தச் சேதி போனதும் முதலில் மின்சார சபைக்கு அறிவிக்கவேண்டும்.

எந்தக் கம்பத்து விளக்கு என்று மட்டும் இதில் தெரியாது. அதற்குப் பழைய ஆள்தான் கைகொடுத்தார். கைபேசிக்கு "ஒன்று குறைகிறது" என்று வந்தால் கடை முதலாளியைக் கூப்பிடுவேன். "தம்பி, கோயில் வளைவுக்கு அங்கால ரெண்டாவது கம்பம்" என்று பத்து நிமிடத்தில் பதில் வரும். கம்பங்களுக்கு எண் அடித்துக் கொடுத்தும் அவர் கோயிலையும் வளைவையும் வைத்துத்தான் சொல்கிறார், எனக்கும் அதுவே சுலபம். கதவிலுள்ள திருப்பியின் சாவி அவரிடமே இருக்கிறது. வீதியில் மரணச் சடங்கு நடந்தாலோ, சிறுத்தை நாயைத் தூக்கியது என்று பேச்சு வந்தாலோ, யாரையும் கேட்காமல் 'கை' நிலைக்குத் திருப்பி ஏற்றிவிடலாம். காலை ஒன்பது மணிக்கும் 'கை'யிலேயே இருந்தால் எனக்குச் சேதி வரும், அவ்வளவுதான். அந்த உரிமையைப் பிடுங்கியிருந்தால் பெட்டியை யாராவது ஒருநாள் கல்லால் அடித்திருப்பார்கள்.

உத்தியோகத்தருக்கு முதலில் வரைபடம், வண்ணக் கோடு எல்லாம் உள்ள பக்கம் ஒன்று செய்து கொடுத்தேன். அவர் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. இப்போது காலையில் ஒரு வரி போகிறது: நேற்றிரவு எத்தனை எரிந்தது, எத்தனை யூனிட், பழுது உண்டா. அதைப் பார்க்கிறார்.

டிம்மிங்

நடுவில் வீடே இல்லாத தேயிலை வளைவில் 10 விளக்குக்கு மட்டும் டிம்மிங் வைத்தோம். அங்கே புதிதாக மாட்டிய விளக்குகளின் டிரைவரில் ஒன்று முதல் பத்து வோல்ட் கட்டுப்பாட்டு வயர் இருந்தது. அந்த வகையில் வயரை ஒன்றுமே இணைக்காமல் விட்டால் முழு வெளிச்சம், அறுந்தாலும் முழு வெளிச்சம். எனக்கு வேண்டிய குணம் அது.

சில டிரைவர்கள் தாமாகவே மங்கும்: முந்தைய இரவுகளில் எத்தனை மணி நேரம் எரிந்தது என்று பார்த்து, அதன் நடுப்பகுதியை நள்ளிரவு என்று வைத்துக்கொள்ளும். வேறு வயரே வேண்டாம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எட்டு மணிக்குக் கரண்ட் போய் ஒன்பதுக்கு வந்தால், அது ஒன்பதையே அந்தி என்று எண்ணி விடியற்காலையில் மங்கலாகவே இருக்கும். கரண்ட் ஒழுங்காக இருக்கும் ஊருக்கு அது சரி, நமக்கு வேண்டாம்.

மங்கும் நேரம் இரவு பத்தரை முதல் நாலரை வரை. உத்தியோகத்தர் ஐந்தரை வரை கேட்டார். நாலரைக்கே கொழும்பு பஸ்ஸுக்கு ஆட்கள் இறங்குவார்கள், தொழிற்சாலை ஆட்கள் மாறுவார்கள், பிள்ளைகள் வெள்ளன எழுந்து பாடசாலைக்குக் கிளம்புவார்கள் என்று சொல்லி நாலரையில் நிறுத்தினேன். இரவுத் தபால் ரயிலில் வந்து நடுச்சாமம் தாண்டி நடப்பவர்களும் உண்டு, அதனால் பாதிக்குக் கீழே குறைக்கவில்லை. பாதி வெளிச்சம் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது. குறைந்ததை முதல் வாரத்தில் ஊரில் யாரும் கவனிக்கவே இல்லை. 10 விளக்கில் ஓர் இரவுக்கு 1.2 யூனிட், வருடத்துக்கு 440 அளவில் மிச்சம்.

மூட்டத்தில் மஞ்சள் வெளிச்சம் ஊடுருவும், வெள்ளை ஊடுருவாது என்ற பேச்சு வீதி விளக்கு என்றாலே வரும். மூட்டத் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, அவை மஞ்சளையும் நீலத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. வித்தியாசம் செய்வது வெளிச்சம் கண்ணுக்கு எந்தக் கோணத்தில் வருகிறது என்பதும், எவ்வளவு கூச்சம் என்பதும். தலை நிமிர்ந்து நின்ற சில விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்பியதிலேயே த்ரீவீலர்காரர்கள் "இப்ப பாதை தெரியுது" என்றார்கள். ஆனாலும் மாற்றும்போது 3000 கெல்வின் விளக்குத்தான் போடச் சொல்கிறேன், நீலம் குறைந்தால் பூச்சி குறையும், பூச்சி குறைந்தால் கண்ணாடியில் சிலந்தி வலை குறையும்.

அடுத்து இதே பாதையின் மேல் டிவிஷனுக்கு இரண்டாவது பெட்டி. அதில் மாற்றப்போவது மூன்று விஷயம்: கன்டாக்டரைப் பெட்டிக்குள் உள்ள டி.ஐ.என். என்ற உலோகப் பட்டையில் கிளிப் செய்து, டார்ச்சைக் கடித்துக்கொண்டு திருகாணி தேடாமல் மாற்றக்கூடியதாக. ஆன்டெனாவைப் பெட்டிக்கு வெளியே அல்ல, பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளேயே, ஏனென்றால் வெளியே நீட்டியதைக் குரங்கு வளைத்துவிட்டது. மின்னல் காப்பின் உதிரிப் பொதியுறை ஒன்று பெட்டிக்குள்ளேயே, கதவின் உள்பக்கப் பையில். வயர் வரைபடத்தின் நகலும் அதே பையில், தமிழிலும் சிங்களத்திலும், லேமினேட் செய்து.